வெப்பம் தரும் இயந்திரத்தில் உறைபனி படிவதேன்?

மகளின் பேறுகாலத்திற்கு உதவச் சென்ற தாய்மார் ஊர் திரும்பியதும், பிறந்த குழந்தையின் நிறத்தையும் எடையையும் பற்றிப் பேசுவதே வழக்கம். ஜப்பான் நாட்டின் கனசவா நகரில் மூன்று திங்கள் தங்கி மீண்ட ஓர் அம்மையாரோ, என்னைக் கண்டவுடன் முதலில் பேசியது ஓர் ஏர் கண்டிஷனரைப் பற்றி.

"சாமி, நடுராத்திரி மூணு மணி இருக்கும். பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகல. சூடு தந்துகிட்டிருந்த ஏ.சி. திடீர்னு மூச்சை நிப்பாட்டிட்டு. ஜன்னல் வழியாப் பார்த்தா, வெளியில வச்சிருக்க பெட்டியிலிருந்து குபுகுபுன்னு புகை வருது. ஓடிப்போயி சுவிட்சை அணைச்சிட்டேன். அப்புறம் விடியிற மட்டும் பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அது புகையன்று, நீராவி என்று மருமகன் காலையில் விளக்கினாராம். வெளியே படிந்த பனியை உருக்குவதற்காகவே இயந்திரம் சற்று நின்றதென்றும் கூறினாராம். அம்மையாருக்கு அது போதவில்லை. "சூடு தர்ற மிஷின்ல பனி எப்படி சாமி படியும்?" என்று என்னிடம் கேட்டார்.

கேள்வி மிக நியாயமானது. நம் பிள்ளைகள் பலர் இன்று குளிர்நாடுகளில் குடும்பம் நடத்துகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் பலர். அந்த அம்மையாருக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஏ.சி. என்றால் குளிர் தருவது என்பதே நம் எண்ணம். ஜப்பானியருக்கு அது கோடையில் குளிரும் குளிர்காலத்தில் வெப்பமும் தரும் ஒரே இயந்திரம். அந்நாட்டில் இருவரோ அதற்கு மேற்பட்டவரோ வாழும் குடும்பங்களில் பத்தில் ஒன்பதில் இவ்வியந்திரம் உண்டு. ஐரோப்பிய வீடுகளைப் போல வீடு முழுவதையும் ஒருசேரச் சூடாக்கும் வழக்கம் அங்கே பெரும்பாலும் இல்லை. ஆட்கள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்குவர். கூடத்திலும் குளியலறையிலும் குளிர் அப்படியே நிற்கும். மண்ணெண்ணெய் அடுப்பு ஒருபுறம், மெத்தை போர்த்திய தாழ்ந்த மேசையின் அடியில் மின்கணப்பைப் பொருத்திய 'கொத்தத்சு' ஒருபுறம், சுவரில் ஏ.சி. ஒருபுறம் என்று குளிர்காலத்தைக் கழிக்கின்றனர். கைக்குழந்தை உள்ள அறையில் மண்ணெண்ணெய் எரிப்பது புகையும் நச்சு வாயுவும் சேரக்கூடிய காரியம் ஆதலால், இளம் தம்பதியர் ஏ.சி.யையே நம்புகின்றனர். அது நின்றால் குழந்தையின் அறை குளிர்ந்துவிடும். அம்மையாரின் அச்சம் வீண் அச்சமன்று.

இனி இயந்திரத்திற்கு வருவோம். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்து அள்ளி வருகிறது. வெளியே இரண்டு டிகிரிக் குளிர் இருக்கையில் அள்ளுவதற்கு அங்கே வெப்பம் ஏது என்று கேட்கத் தோன்றும். நாம் குளிர் என்பதும் ஓரளவு வெப்பமே. வெப்பம் அறவே அற்ற நிலை மைனஸ் 273 டிகிரி செல்சியஸ். அந்தக் கணக்கில் கனசவாவின் குளிர்காலக் காற்றில் வெப்பம் தாராளமாகவே உண்டு. ஆயினும் நீர் பள்ளத்தை நோக்கியே பாய்வதுபோல, வெப்பமும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்லும். இரண்டு டிகிரிக் காற்றிலிருந்து வெப்பத்தைப் பெற விரும்பினால், அதனினும் குளிர்ந்த ஒன்றை அதன்முன் வைக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை தாமே விளங்கும்.

ஊசி போடுமுன் செவிலியர் கையில் ஸ்பிரிட் தடவுகையில் சில்லென்று இருப்பதை அறிவோம். ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பகுதி சுடுவதையும் அறிவோம். காற்று அழுத்தப்படுகையில் சூடேறுகிறது. இவ்விரு அனுபவங்களும் சேர்ந்ததே ஏ.சி. அதன் செப்புக் குழாய்களில் ஓடும் திரவம் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் இயல்புடையது. இன்று ஜப்பானிய வீடுகளில் மிகுதியாகப் பயன்படும் ஆர் 32 என்னும் திரவம், திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அது எங்கே கொதிக்க வேண்டும், எங்கே மீண்டும் திரவமாக வேண்டும் என்பதை இயந்திரம் வகுக்கிறது. கோடையில் அது வீட்டினுள் உள்ள பெட்டியில் கொதித்து, அறையின் வெப்பத்தை வாங்கி, வெளியே கொண்டுபோய்க் கொட்டும். குளிர்காலத்தில் நால்வழி வால்வு ஒன்று திரும்பி, ஓட்டத்தின் திசையை மாற்றிவிடும். அப்போது திரவம் வெளிப்பெட்டியில் கொதித்து வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கும். கம்பிரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி உள்ளே அனுப்பும். ஆகவே குளிர்காலத்தில் வீட்டினுள் இருப்பது கணப்பு; வெளியே இருப்பது, நம் சமையலறை ஃபிரிட்ஜின் உறைபனி அறை. அம்மையாரின் வினாவுக்கு விடை இங்கேயே பாதி கிடைத்துவிட்டது. பனி படிவது சூடு தரும் பாகத்தில் அன்று, சூட்டைப் பறிக்கும் பாகத்தில்.

வெளியே இரண்டு டிகிரி என்றால், வெப்பத்தை வாங்கும் குழாயும் அதைச் சூழ்ந்த அலுமினியத் தகடுகளும் மைனஸ் ஐந்து, ஆறு டிகிரி அளவில் இருக்கும். காற்றில் எப்போதும் ஓரளவு நீராவி கலந்துள்ளது. குளிர்ந்த செம்பில் வெளிப்புறம் முத்து முத்தாய் நீர் அரும்புவது அந்த நீராவியே. செம்பின் மேற்பரப்பு உறைநிலைக்கும் கீழே இருந்தால் அந்நீர் உறைந்துவிடும். சில வேளைகளில் நீராக மாறாமலே நேரே வெண்ணிற ஊசிகளாய்ப் படியும். அதுவே உறைபனி.

எவ்வளவு படியும் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஈரம் மிகுந்த இரண்டு டிகிரிக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு நான்கரை கிராம் அளவில் நீராவி இருக்கும். மைனஸ் ஆறு டிகிரித் தகட்டின் அருகே அக்காற்றால் மூன்று கிராம் அளவே தாங்க முடியும். மிகுதியெல்லாம் தகட்டில் படிவதில்லை; வேகமாய் ஓடும் காற்று பெரும்பகுதியைத் தன்னோடு கொண்டுபோய்விடும். கன மீட்டருக்கு அரை கிராம் மட்டுமே படிகிறது என்று கொள்வோம். வெளிப்பெட்டியின் விசிறி நிமிடத்துக்கு முப்பது கன மீட்டர் அளவில் காற்றை இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ பனி! தகடுகளின் இடைவெளியோ ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். அந்தச் சந்துகளில் ஒரு கிலோ பனி புகுந்தால் காற்றுக்கு வழி ஏது?

காற்றின் ஓட்டம் குறைந்தால் திரவத்துக்குக் கிடைக்கும் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் தகடு இன்னும் குளிரும். இன்னும் குளிர்ந்தால் இன்னும் பனி படியும். கடன் வாங்கி வட்டி கட்டுபவனின் நிலை இதுதான். போதாக்குறைக்கு, உறைபனி பஞ்சுபோல் காற்றைத் தன்னுள் அடக்கியிருப்பதால், தகட்டுக்கு அது ஒரு கம்பளிப் போர்வையாகவும் ஆகிவிடுகிறது.

குளிர் கூடக் கூடப் பனியும் கூடும் என்று வாசகர் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. கடுங்குளிரில் காற்று வறண்டுவிடும். முப்பது டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு முப்பது கிராம் நீராவியைத் தாங்கும். சுழியம் டிகிரியில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. மைனஸ் பத்தில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். ஆகவே இயந்திரத்திற்கு மிகுந்த தொல்லை தருவது, உறைநிலையை ஒட்டி மேலும் கீழும் நான்கைந்து டிகிரிக்குள் அமையும் ஈரக் குளிர். ஏ.சி.களைச் சோதிக்கும் பன்னாட்டு விதிகளும் இதனை அறிந்தே வகுக்கப்பட்டுள்ளன. வெளியே 7 டிகிரியில் ஒரு சோதனை, 2 டிகிரியில் ஒன்று, மைனஸ் 7 டிகிரியில் ஒன்று. நடுவிலுள்ள 2 டிகிரிச் சோதனையில்தான் இயந்திரம் பனிபடிந்து, உருக்கி, மீண்டும் ஓடி, தன் உண்மையான ஆற்றலைக் காட்டும்.

இந்த ஈரக் குளிருக்குப் பேர்போன இடங்களுள் ஒன்று, அம்மையார் தங்கியிருந்த கனசவா. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்படும் காற்று எலும்பைத் துளைக்கும் குளிருடையது, ஆனால் வறண்டது. ஜப்பான் கடலில் தெற்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான நீரோட்டம் வருகிறது. அதன்மேல் வீசுகையில் காற்று ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது. கரையேறியதும் மலைத்தொடர் தடுக்க, சுமந்து வந்ததையெல்லாம் வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து தோக்கியோப் பக்கம் இறங்குகையில் அதே காற்று மீண்டும் வறண்டு, வானமும் தெளிந்துவிடுகிறது. ஜனவரியில் தோக்கியோவின் சராசரி வெப்பம் ஐந்து டிகிரியை ஒட்டியும், கனசவாவினது நான்கு டிகிரியை ஒட்டியும் இருக்கிறது. வேறுபாடு ஒரு டிகிரிதான்; ஆயினும் ஒன்றில் வெயில், மற்றொன்றில் ஈரப்பனி. ஒரே கம்பெனியின் ஒரே இயந்திரம் ஓரூரில் பனியே காணாமல் ஓடுவதும், மற்றோரூரில் மணிக்கொருமுறை நின்று நின்று ஓடுவதும் இதனால்தான்.

சற்று விலகி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். கனசவா அமைந்துள்ள இஷிகாவா மாநிலத்தில் 1900-ஆம் ஆண்டு பிறந்தவர் நகாயா உகிசிரோ என்னும் இயற்பியலறிஞர். பின்னாளில் ஹொக்கைடோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். குளிரூட்டிய அறையில், முயலின் மயிர் ஒன்றை நூலாகக் கட்டி, அதன்மேல் நீராவியைப் படியச் செய்து, 1936-இல் உலகிலேயே முதன்முறையாகச் செயற்கை வெண்பனிப் படிகத்தை உண்டாக்கியவர் அவர். வெப்பமும் ஈரமும் இன்ன அளவில் இருந்தால் படிகம் இன்ன வடிவில் வளரும் என்று அவர் வரைந்த படம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆறிதழ் விண்மீனாகவோ, ஊசியாகவோ, தகடாகவோ படிகம் வளர்வதைத் தீர்மானிப்பவை அவ்விரண்டுமே. வெளிப்பெட்டியின் தகடுகளிலும் அதே விதியே நடக்கிறது. வீட்டுக்காரருக்கு அதன் அழகைக் காண நேரமில்லை, அவ்வளவே.

படிந்த பனியை இயந்திரம் என்ன செய்கிறது? ஜப்பானியர் அதற்கு 'ஷிமோதோரி' என்பர். உறைபனி எடுத்தல் என்பது பொருள். முற்கால இயந்திரங்கள் பலவற்றில் ஒரு கடிகாரம் இருக்கும். இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உருக்கும் வேலை தொடங்கிவிடும். இக்காலத்தவற்றில் குழாயின் வெப்பத்தை அறியும் உணர்வி உண்டு. வெளிக்காற்றைவிடக் குழாய் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால், பனி அடைத்துவிட்டது என்று கண்டுகொள்ளும். உடனே அந்த நால்வழி வால்வு திரும்பும்; அப்போது எழும் 'புஸ்' என்ற ஓசை நள்ளிரவில் யாரையும் திடுக்கிடச் செய்யும். இயந்திரம் சற்று நேரம் கோடைக்கால ஏ.சி. ஆகிவிடும். கம்பிரசரின் சூடான ஆவி, பனிபிடித்த வெளிக்குழாயில் பாய்ந்து உருக்கும். சூடு சிதறாதிருக்க வெளி விசிறி நிற்கும். உள்ளே உள்ள குழாய் அப்போது குளிர்ந்து கிடக்குமாதலால், அறையில் குளிர்காற்று வீசாதபடி உள் விசிறியும் நிற்கும். அம்மையார் 'மூச்சை நிப்பாட்டிட்டு' என்றது இதைத்தான். ஐந்து முதல் பத்து நிமிடத்தில், சில வேளை பதினைந்து நிமிடத்தில், வேலை முடியும். இறுதியில் வெளி விசிறி மீண்டும் சுழல, ஈரத் தகடுகளிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த இரவில் வெண்புகையாய்த் தெரியும். அதில் எரியும் நாற்றம் இராது. புகையை ஆவியினின்று பிரித்தறிய அது ஒன்றே போதும்.

இதில் எனக்கு வியப்பளித்த ஒரு வரவுசெலவுக் கணக்கு உண்டு. ஒரு கிராம் நீராவி பனியாகும்போது ஏறக்குறைய 680 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அது முழுவதும் தகட்டின் வழியே இயந்திரத்திற்குக் கிடைத்து, வீட்டினுள் வந்து சேர்கிறது. அதே பனியை உருக்கி நீராக வெளியேற்ற ஆகும் செலவோ கிராமுக்கு 80 கலோரிதான். வரவு 680, செலவு 80! ஒரு கிலோ பனியை உருக்கத் தேவைப்படும் வெப்பம், நம் மின்சாரக் கட்டண அட்டையின் கணக்கில் பத்தில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஆகவே உறைபனி நட்டம் விளைவிப்பது உருக்கும் செலவினால் மட்டும் அன்று. அடைபட்ட தகடுகளோடு இயந்திரம் திணறி ஓடும் நேரமும், செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்துச் சூடாக்குவதில் வீணாவதும், நின்ற நிமிடங்களில் அறை இழக்கும் வெப்பமுமே பெரிய நட்டங்கள். சுவர் மெல்லியதாயும் கண்ணாடி ஒற்றையாயும் உள்ள வாடகை வீட்டில், அந்தப் பத்து நிமிடத்தில் அறையின் வெப்பம் இரண்டொரு டிகிரி இறங்கிவிடலாம்.

காற்றிலிருந்து வெப்பம் எடுப்பதனாலேயே இத்தொல்லை வருகிறது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், இத்தகைய பொறியால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-ஆம் ஆண்டிலேயே எழுதினார். எரிபொருளை நேரே எரிப்பதைவிட, அதே ஆற்றலைக் கொண்டு வெளியிலிருந்து வெப்பத்தை இறைத்து வருவது சிக்கனம் என்பது அவர் கண்ட உண்மை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றத்தில் 1938-இல் அமைத்த இயந்திரமோ அருகில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்தது. ஆற்றில் உறைபனித் தொல்லை இல்லை. நிலத்தின் ஆழத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பம் நிலவுவதால், குழாய்களைப் பூமிக்குள் இறக்கிவிடுவோரும் உண்டு. ஆனால் நடுத்தரக் குடும்பம் ஆற்றங்கரைக்கும் ஆழ்துளைக்கும் எங்கே போகும்? சுவரில் மாட்டும் பெட்டிதான் அவர்களுக்கு எட்டும். ஆகவே பொறியாளர் வேறு வழிகளை நாடினர். சில இயந்திரங்கள், கம்பிரசரின் உடலிலிருந்து வீணாகும் சூட்டைச் சேமித்து வைத்து, அதைக்கொண்டு பனியை உருக்கும். சில, வெளிக்குழாயை இரு பாகமாக்கி, ஒரு பாகம் உருகுகையில் மறுபாகம் வெப்பம் எடுக்கும்படி செய்யும். இவை விலை கூடியவை. வாடகை வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்குவது பெரும்பாலும் பழைய வகையே.

அங்கே வாழும் பிள்ளைகளுக்கும், சென்று தங்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய சில செய்திகள். இயந்திரம் பனியை உருக்கிக்கொண்டிருக்கையில் சுவிட்சை அணைக்கலாகாது. பாதி உருகிய பனி, பஞ்சுபோன்ற தன்மையை இழந்து, கண்ணாடிக் கட்டியாய் மீண்டும் இறுகிவிடும். அடுத்த முறை அதை உருக்க இன்னும் நேரமாகும். அன்றிரவு விடியும்வரை அம்மையாரை வாட்டிய குளிரில் ஒரு பங்கு, அவர் அணைத்த சுவிட்சினால் வந்தது என்று நான் சொன்னபோது அவருக்குச் சற்று வருத்தமே. கத்தியாலோ கோலாலோ பனியைச் சுரண்டுவதும் தவறு. நம் வீட்டு ஃபிரிட்ஜ்களைக் கத்தியால் குத்தி வாயுவை வெளியேற்றிவிட்டவர்கள் எத்தனை பேர்! மெல்லிய தகடுகள் வளைந்தால் நிமிர்த்துவது கடினம். கொதிநீரை ஊற்றுவதும் வேண்டா. குளிருமே என்று இரக்கப்பட்டு வெளிப்பெட்டிக்குப் போர்வை போர்த்துவோரும் உளர். அது காற்றை அடைத்துப் பனியை வளர்க்கும். பெட்டியின் முன்னும் பின்னும் குவியும் வெண்பனியை அகற்றிக் காற்றுக்கு வழிவிடுவதே அதற்குச் செய்யும் உதவி. வெண்பனி மிகும் ஊர்களில், பெட்டியை உயர்ந்த இரும்புத் தாங்கியில் ஏற்றி, மேலே கூரையும் அமைக்கின்றனர்.

உருக்கும் வேலை முடிந்த பின்னும் பனி மறையாதிருந்தாலோ, ஒரு மூலையில் மட்டும் கட்டியாய் உறைந்து நின்றாலோ, விசிறி பனியில் உராயும் ஓசை கேட்டாலோ, அது பழுது, வாயு குறைந்திருக்கலாம். அப்போது பழுது பார்ப்பவரை அழைப்பதே முறை. புதிதாக வாங்குவோர், இத்தனை பாய் அகல அறைக்கு என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், வெளியே 2 டிகிரி இருக்கையில் எவ்வளவு வெப்பம் தரும் என்று ஜப்பானிய விவரப் பட்டியல்களில் தனியே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 7 டிகிரியில் காட்டும் எண் கவர்ச்சியானது. ஆனால் குழந்தை குளிரில் நடுங்குவது 2 டிகிரி இரவில்.

எல்லாம் கேட்டபின் அம்மையார் இன்னொரு வினா எழுப்பினார்: "உருகுன தண்ணி எங்க சாமி போகும்?" வெளிப்பெட்டியின் அடித்தட்டில் துளைகள் உண்டு, அவற்றின் வழியே வடிந்துவிடும். கனசவாவில் அது மாடி முகப்பின் தரையில் வழிந்தோடும். விடியற்காலையில் உறைந்து வழுக்கும் என்பதால், அங்கே துணி உலர்த்தச் செல்வோர் பார்த்து நடக்க வேண்டும். ஜனவரியின் சராசரியே உறைநிலைக்குக் கீழ் மூன்று டிகிரி இருக்கும் சப்போரோ போன்ற இடங்களிலோ, துளையை அடையுமுன்பே நீர் உறைந்து அடித்தட்டை நிரப்பி, விசிறி இறகைத் தொட்டுவிடும். அதனால் குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்யும் பெட்டிகளின் அடித்தட்டில் ஒரு சிறு மின்கம்பியைப் பதித்துச் சூடாக்குகின்றனர். அங்கே வடிகுழாய் மாட்டுவதும் கூடாது என்பர். குழாய்க்குள்ளேயே நீர் உறைந்துவிடும். அம்மையாரின் மருமகன் தம் வீட்டுப் பெட்டியின் கீழ் இரண்டு கற்களை வைத்து உயர்த்தி, நீர் வடியும் இடத்தில் ஒரு பழைய தட்டை வைத்திருக்கிறாராம். காலையில் அதில் ஒரு வட்டப் பனிக்கட்டி இருக்கும். அதைத் தோட்டத்தில் எறிவது தம் வேலையாய் இருந்தது என்றார் அம்மையார்.